வீடு தேடி வந்த மேற்கோள்

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கமலா ஆன்ட்டி காலையில் மாடிக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டார். நேரே அடுப்படிக்குப் போவார், குழம்புச் சட்டியைத் திறப்பார், கரண்டியில் கொஞ்சம் மொண்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். "புளி ஜாஸ்தி, பேட்டி" என்பார். பேட்டி என்றால் இந்தியில் மகள். பிறகு என் சொம்பை எடுத்து வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். வந்த புதிதில் என்னால் இதைத் தாங்கவே முடியவில்லை. எச்சில் பட்டுவிட்டதே என்ற அருவருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது. மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக வாடகை வீடு தேடி அலைந்தபோது ஒவ்வொரு வாசலிலும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பது. பதில் சொன்னதும், "அடடா, மாமா பையன் வர்றதா சொல்லிட்டான்மா" என்று கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். அத்தனை வீட்டுக்கும் ஒரே மாமா பையன் போல.

போர்ட் பிளேரில் ஆன்ட்டி கேட்டது ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்தியா முழுவதும் தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்ட். "மெயின்லேண்ட்ல எங்கே?" விருதுநகர்ப் பக்கம் என்றேன். "அச்சா. தண்ணி தினம் வராது, ஒரு ட்ரம் வாங்கிக்கோ." அவ்வளவுதான் நேர்காணல். பின்னாளில், இங்கே யாரும் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்பதில்லையே என்று அவரிடமே கேட்டேன். ஆன்ட்டியின் குடும்பம் வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்து தீவில் இருப்பது. ஒரு பாட்டன் மதராஸ் பக்கம், ஒரு பாட்டி பீகார் பக்கம், இடையில் வங்காளமும் கலந்திருக்கிறது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தாதா கைதி, தாதியும் கைதி, தாத்தா பாட்டி ரெண்டு பேருமே. நீ யாரு என்னன்னு கேட்டிருந்தா எவன் எவளைக் கட்டியிருப்பான்? நான் பொறந்தே இருக்கமாட்டேன்!" என்றார். அன்றிரவு அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன், "அம்மா, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்." இப்போது அதே வீட்டில் காலடிச் சத்தம் கேட்டாலே கைவேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவள். எளிமையாகச் சொன்னால், ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, அதில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. திட்டத்தோடு ஓடுகிற தற்காலிக வேலை. திட்டம் முடிந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான். தங்கவேண்டுமானால் கட்டுரைகள் வெளியிடவேண்டும், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டவேண்டும். மேற்கோள் என்பது, உலகத்தின் ஏதோ மூலையில் இன்னொரு ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் உங்கள் கட்டுரையைக் குறிப்பிடுவது. இணையத்தில் என் பெயருக்கு ஒரு பக்கம் உண்டு. எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று அதில் ஓர் எண் நிற்கும். பல் தேய்க்கும் முன்னால் அந்த எண்ணைப் பார்ப்பேன். சாமி படத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அதைப் பார்த்த பாவம்தானோ என்னவோ!

மதுரையில் நெல் வேரைப் பற்றி எழுதியவை ஓரளவு ஓடின. தீவுக்கு வந்தபின் எழுதிய தலசீமியா கட்டுரைதான் நான் உயிரைக் கொடுத்து எழுதியது. இது ரத்தச் சிவப்பணுவில் வரும் பரம்பரைக் குறை. ஒருவர் இதைச் சுமப்பவராக மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, நம்மைப் போல ஓடியாடித் திரிவார். சுமப்பவர் இருவர் கல்யாணம் செய்துகொண்டால்தான் குழந்தைக்கு நோய் முழுதாக வரக்கூடும். ஆகவே கல்யாணத்துக்கு முன் இரண்டு பேருக்கும் சோதனை செய்யுங்கள் என்பதுதான் கட்டுரையின் கடைசிப் பத்தி. ரத்தம் எடுத்த முகாம் நடந்த இடங்களில் ஒன்று டாலிகஞ்ச். முதலில் பொதுவாகத் 'தெற்கு அந்தமான்' என்றுதான் போட்டிருந்தேன். பத்திரிகைக்காகக் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் இடத்தைத் தெளிவாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். எங்கள் துறையில் எல்லாரும் செய்வதுதான். வெளிவந்த கட்டுரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எங்கள் திட்டத்தின் மீளாய்வுக் கூட்டத்தில் மெயின்லேண்டிலிருந்து வீடியோவில் வந்த ஒரு பெரியவர், "உங்கள் கட்டுரையால் யாருக்கு என்ன மாறியது?" என்று கேட்டார். நல்லவேளை, நெட் போய் என் முகம் திரையில் உறைந்துவிட்டது.

ஆன்ட்டியின் ஒரே மகள் ரேகா, மழலையர் பள்ளி ஆசிரியை. போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட் பகுதியில் வசிக்கும் கார்த்திக்கை அவளே பார்த்து, அவளே பிடித்துப்போய், அவளே வீட்டில் சொன்னாள். கார்த்திக் மின்துறையில் வேலை பார்ப்பவன். அவன் அப்பா அம்மா விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்கள். கொஞ்சம் முகத்தைத் தூக்கினாலும் சம்மதித்துவிட்டார்கள். பேச்சு முடிந்த அன்று ஆன்ட்டி எனக்கும் சேர்த்துப் புடவை எடுத்துவந்தார். "தீதி நீதான், அக்காவா முன்னால நிக்கணும்" என்றார். அந்தப் புடவையைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி பிரித்தேன். என் சொந்தத்தில் யாரும் என்னை எதற்கும் முன்னால் நிறுத்தியதில்லை.

நம் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போனபின் 'விசாரிப்பது' என்று ஒன்று உண்டு. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒருவர் பெண் வீட்டுத் தெருவுக்கு வந்து, டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அந்த வீடு எப்படி?" என்று பொதுவாகக் கேட்பார். டீ ஆறுவதற்குள் கல்யாணம் நின்றுவிடும். என் அக்காவுக்கு அப்படித்தான் நின்றது. எங்கள் சித்தப்பாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததாம். யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெருவில் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் 'இவரா, இவரா' என்று பார்த்துக்கொண்டே அப்பா நடந்தார், அப்படி நடந்தே செத்துப்போனார். அக்கா இன்னும் அம்மாவோடுதான் இருக்கிறாள். கல்யாணத்தைக் கலைக்கிறவனுக்குச் சோறு இறங்குமா என்று சின்னப் பெண்ணாக நான் யோசித்ததுண்டு.

ஒரு சனிக்கிழமை மாலை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஆன்ட்டியிடம் தமிழில் ஏதோ சொல்லிவிட்டு மாடி ஏறினார். கையில் பிளாஸ்டிக் உறை.

"வணக்கம்மா. பரமசிவம். கார்த்திக்குக்குச் சித்தப்பா. நம்ம பக்கத்துப் பிள்ள ஒண்ணு இங்க சயின்டிஸ்ட்டா இருக்குன்னு சொன்னாங்க, மனசு குளுந்துபோச்சு."

கட்டட ஒப்பந்தக்காரராம். பேச்சு முடிந்த நாளில் மெயின்லேண்டில் இருந்ததால் ஆன்ட்டி அவரைப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன். உறையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். என் கட்டுரை. முதல் பக்கத்தில் என் பெயர், உள்ளே அங்கங்கே மஞ்சள் மை பூசியிருந்தது.

"எம் மகன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கான். தேடி எடுத்து அனுப்பினான். அகராதிய வச்சுக்கிட்டு முழுசாப் படிச்சேன்மா."

என் கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு வீடு தேடி வந்த முதல் வாசகர்! சந்தோஷப்படவேண்டியவள், எதற்கு வந்திருக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு ரேகா, முகாம்ல குடுத்த கார்டக் காட்டி, எனக்கு இருக்கு, நீயும் டெஸ்ட் பண்ணிக்கோன்னு கார்த்திக்கிட்டச் சொல்லிருச்சு. நேர்மைதான், குத்தம் சொல்லல. நான் கேக்குறது வேற. அது அந்த ஒரு பொண்ணுக்கு மட்டுமா, இல்ல அந்த வீட்டுக்கேவா? இந்தா, டாலிகஞ்ச்னு நீங்களே போட்டிருக்கீங்களே, அந்த ஏரியாவுக்கேவா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் ஃப்ரீசரில் பெயரில்லாமல் எண்ணாக நிற்கும் ரத்தக் குழாய்களில் ஒன்று ரேகா. யாருடைய ரத்தம் என்று ஆராய்கிறவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் எண். அந்த எண்களின் தலைக்கு மேலேயே குடியிருந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, ஏரியாவுக்கு நோய் கிடையாது. இது எல்லா ஊர்லயும் இருக்கு, நம்ம பக்கமும் இருக்கு. பையனுக்கு ரத்தம் பாத்தீங்களா?"

"எவனுக்கு?"

"கார்த்திக்குக்குத்தான்."

"அவனுக்கென்னம்மா? குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

"ரேகாவும் அப்படித்தானே இருக்கா. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் பிள்ளைக்கு ஆபத்து. அவருக்கு இல்லேன்னா ஒரு கவலையும் வேண்டாம். கடைசிப் பக்கத்துல அதத்தான் எழுதியிருக்கேன்."

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் மஞ்சள் இல்லை.

"மாப்பிள வீட்டுல போய், தம்பி கையக் காட்டு, ரத்தம் குடுன்னு கேக்குற வழக்கம் எந்த ஊர்லம்மா இருக்கு?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். காகிதங்களை அடுக்கி உறைக்குள் வைத்தார். "நானா எதும் சொல்லப்போறதில்ல. நீங்க எழுதினதத்தான் எங்க அண்ணங்கிட்டச் சொல்லப்போறேன்."

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி தட்டில் டீயும் முறுக்கும் கொண்டுவந்தார். அண்ணாச்சி டீயைக் குடித்தார், நன்றி சொன்னார், இறங்கிப் போனார். டீ ஆறவில்லை. ஆன்ட்டி என் தாடையைப் பிடித்து ஆட்டினார். "உன் மாமாவா? உனக்கு லட்கா, மாப்பிள்ளை பார்க்க வந்தாரா? முகமெல்லாம் வேர்த்திருக்கு, ஷர்மா ரஹி ஹை!" வெட்கப்படுகிறேனாம். அடி ஆத்தாடி, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சொல்வேன்? இல்லை ஆன்ட்டி, தெரிந்தவர் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சில நாட்கள் நான் பட்ட பயத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கீழே ஃபோன் அடித்தால் காதைத் தீட்டிக்கொள்வேன். ஆன்ட்டி மாடி ஏறினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவர் குழம்பை நக்கிப் பார்த்து, "இன்னிக்கு உப்பே இல்லை, எந்த உலகத்துல இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் காலை இணையப் பக்கத்தைத் திறந்தால் எண் ஒன்று ஏறியிருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். எத்தனை காலம் காத்திருந்த எண்! பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்னும் எத்தனை சித்தப்பாக்கள் படிப்பார்களோ என்றுதான் தோன்றியது. அப்பா தெருவில் தேடியலைந்த அந்த முகம் என் முகம்தானோ என்று கண்ணாடி பார்க்கக்கூடப் பயந்தேன்.

அது ஒரு மழைநாள். கார்த்திக் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. கொஞ்சம் தள்ளி வைப்போம் என்றார்களாம். தள்ளி வைப்பதென்றால் என்னவென்று தீவிலும் அர்த்தம் ஒன்றுதான். ஆன்ட்டி தலைமுடி கலைந்து, நனைந்தபடி மேலே வந்தார்.

"எவனோ சயின்டிஸ்ட் எழுதினானாம், பேட்டி! டாலிகஞ்ச் பொண்ணுங்க ரத்தம் கராப், கெட்ட ரத்தம்னு எழுதினானாம். எங்க ஏரியா, மொஹல்லாவே பத்னாம் ஆயிடுச்சு, பேரு கெட்டுப்போச்சு. என் பொண்ணை இனிமே யாரு கட்டுவான்? நீ படிச்சவ, லேப்ல இருக்கே. யாரு அவன்னு பார்த்துச் சொல்லு. அவன் வீட்டு வாசல்ல போய் உக்காருவேன் நான்."

ஈரச் சேலையோடு அவர் ஏற்கெனவே அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். இவரும் என் அப்பாவைப் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே மீதி வாழ்நாளை நடக்கவேண்டுமா?

"நான்தான் ஆன்ட்டி."

"க்யா?"

"எழுதினது நான்தான். கராப்னு எழுதலை. ஆனா எழுதினது நான்தான். அன்னைக்கு வந்தவர் கார்த்திக்கோட சித்தப்பா."

ஆன்ட்டி ஈரச் சேலை முனையைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு மிக மெதுவாக, "உன் கையால சாப்பிட்டேனே" என்றார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். தீவுக்கு வந்த நாள்முதல் எந்தக் கேள்வி என் காதில் விழாமல் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேனோ, அதை அவர் கேட்டார்.

"உங்க ரத்தம் எப்படி, மேடம்? பார்த்தீங்களா?"

பேட்டி போய் மேடம் வந்துவிட்டது. நான் பார்த்ததில்லை. ஊர் ரத்தமெல்லாம் என் கையில் ஓடியிருக்கிறது, என் ரத்தத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. மாப்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட அண்ணாச்சியைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவள் நான். ஆன்ட்டியின் கேள்விக்கு இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இறங்கிப் போனார். மறுநாள் காலை அடுப்படிக்கு யாரும் வரவில்லை. அன்றைக்கு வைத்த குழம்பில் புளி எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டொரு நாள் கழித்து ரேகா வந்தாள். அழுது வீங்கிய கண், ஆனால் பேச்சில் பிசிறில்லை.

"தீதி, நீங்க எழுதினது உண்மைதானே?"

"உண்மைதான்."

"முகாம்ல சிஸ்டர் சொன்னாங்க, கட்டிக்கப்போறவன்கிட்ட மறைக்காதேன்னு. மறைக்கலை. அவனும் டெஸ்ட் பண்ணணும்னு உங்க காகிதத்துல இருக்கா?"

கடைசிப் பத்தியைக் காட்டினேன். அதை ஃபோனில் படம் பிடித்தாள். அடியில், திங்கள்கிழமை ஆய்வகத்துக்கு வா என்று இந்தியில் எழுதி, என் கண் முன்னாலேயே கார்த்திக்குக்கு அனுப்பினாள். "வந்தா வரட்டும். வரலைன்னா இவன் பயந்தாங்கொள்ளின்னு இப்பவே தெரிஞ்சுடும்ல?" என்றாள். என் கட்டுரையை ஒருவர் சரியாக மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கத்திலும் அது எண்ணாக ஏறப்போவதில்லை. அவள் போன பின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பயம். வந்து, அவனுக்கும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பெரிய பயம்.

அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "பேசாம ஊருக்கு வந்துருடி. எதுக்கு அந்தக் காட்டுல கெடந்து அவமானப்படுற?" என்றாள். பின்னால் அக்கா ஏதோ கேட்டாள். அம்மா ஃபோனை அவளிடம் கொடுத்தாள். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீயே போய்ச் சொன்ன பாரு, அது நல்லது. எனக்கு யாருன்னே தெரியல." ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம் அத்தோடு போய்விட்டது. இங்கே இருக்கலாம் என்ற தைரியம் மட்டும் வரவில்லை.

திங்கள்கிழமை எங்கள் ஆய்வகத்தின் ரத்தம் எடுக்கும் அறை முன்னால் போனபோது பெஞ்சில் ரேகாவும் ஆன்ட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரேகா நகத்தைக் கடித்துத் துப்பினாள். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்து ஒன்றாகத் தலை குனிந்தோம். கடைசியில் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட கார்த்திக் வந்தான். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சாரி, ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயம்," என்றான். ரேகா சிரித்துவிட்டாள். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

அவன் ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். சிஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்கா மேடம்?" கதவு திறந்திருந்தது. ஆன்ட்டி திரும்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஊசி இறங்கியது. என் ரத்தம் குழாயில் ஏறுவதை முதல்முறையாகப் பார்த்தேன். எல்லாருடையதையும் போலக் கருஞ்சிவப்பாகத்தான் இருந்தது. சிஸ்டர் ஸ்டிக்கரில் என் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"இடம் என்ன போடறது மேடம்? கார்த்திக்குக்கு ஜங்லிகாட்னு போட்டேன். உங்களுக்கு மெயின்லேண்ட்ல விருதுநகரா?"

விருதுநகர் என்றால், நான் உங்களில் ஒருத்தியில்லை என்று பெஞ்சில் இருக்கும் ஆன்ட்டியின் முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். டாலிகஞ்ச் என்று சொல்ல எனக்கு இனி என்ன உரிமை இருக்கிறது? பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"டாலிகஞ்ச்னு எழுது," என்றார் ஆன்ட்டி, பெஞ்சிலிருந்து. "என் மாடியிலதானே இருக்கா? பத்னாம் ஆனா எங்களோட சேர்ந்து ஆகட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிஸ்டர் எழுதினார். என் பெயருக்கு முன்னால் ஊரின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும், அடியில் டாலிகஞ்ச். அந்தக் குழாயைத் தாங்கியில் கார்த்திக்கின் குழாய்க்குப் பக்கத்தில் செருகினார். நாளைக்கு அவை இரண்டும் எண்களாகி என் மேசைக்கு வரும். இந்தத் தடவை எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும்.